தொழில் முன்னிலைப் பாடம்: 1972இல் தொடங்கி 1977இல் நின்றுபோன ஒரு முயற்சி



சற்று நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள். தரம் 9இல் பிள்ளை இருக்கும் பெற்றோர் கட்டாயம் வாசியுங்கள்.

ஒவ்வொரு வருடமும் தரம் 10க்குப் பாடம் தெரிவுசெய்யும் நாட்களில் எங்களிடம் வரும் கேள்வி ஒன்று உண்டு. "சேர், அந்த டிசைன், கொன்ஸ்ட்ரக்சன் எல்லாம் படிக்க ஏலாத புள்ளைகளுக்குத்தானே?" கேட்பவர் கெட்ட மனிதர் அல்ல. அவர் கடை வைத்திருப்பார், அல்லது கட்டாரில் பத்து வருடம் உழைத்துவிட்டு வந்திருப்பார். தன் பிள்ளை தன்னைப்போல் கஷ்டப்படக்கூடாது என்ற எண்ணம்தான். ஆனால் இந்தக் கேள்விக்கு எண்பது வருட வரலாறு இருக்கிறது. இந்த நாட்டில் மாணவர்களுக்குக் கைவேலையையும், வடிவமைப்பையும், சொந்தமாகத் தொழில் தொடங்கும் துணிவையும் கற்பிக்க எடுத்த ஒவ்வொரு முயற்சியும் இந்தக் கேள்வியில்தான் முட்டி நின்றது. அவற்றுள் மிகப் பெரியதை நடத்தியவர் நமது சமூகத்தைச் சேர்ந்த ஒரு கல்வி அமைச்சர். அந்தக் கதை நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. நம்மில் பலருக்கும் சரியாகத் தெரியாது.

"முஸ்லிம்களுக்கு வியாபாரம் இரத்தத்திலேயே இருக்கிறது" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். அதில் பாதி உண்மை. விற்பது நமக்கு வரும். செய்வதும் ஒரு காலத்தில் வந்தது. கொழும்பு மருதானையில் 1892இல் தொடங்கப்பட்டு, பின்னர் ஸாஹிறாக் கல்லூரியாக வளர்ந்த பாடசாலையின் ஸ்தாபகர் வாப்பிச்சி மரிக்கார் ஒரு கட்டட ஒப்பந்தகாரர். 1877இல் திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலையைக் கட்டியவர் அவர்தான். கூலியாக என்ன வேண்டும் என்று ஆளுநர் கேட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடிவைக்க வேண்டும் என்று மட்டும் அவர் கேட்டதாக ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியும் இருக்கட்டும். கல்லும் சுண்ணாம்பும் மரமும் அளவும் தெரிந்த ஒருவர், அந்தத் தொழிலில் வந்த பணத்தைக் கொண்டு சமூகத்துக்குப் பாடசாலை அமைத்தார் என்பது உண்மை. அறிஞர் சித்திலெப்பை எழுத்தாலும் பேச்சாலும் தட்டி எழுப்பிய சமூகத்துக்கு அவர் கூரை போட்டுக் கொடுத்தார். ஆனால் அதற்குப் பிறகு நாம் பாடசாலை என்றால் பரீட்சை, பரீட்சை என்றால் உத்தியோகம் என்று மாறிவிட்டோம். நாம் மட்டுமல்ல, முழு நாடும்.

1931 முதல் 1947 வரை கல்வி அமைச்சராக இருந்த சீ.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவை இலவசக் கல்வியின் தந்தை என்று நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். அவர் 1930களில் கண்டிக்கு அருகிலுள்ள ஹந்தெஸ்ஸவின் பெயரால் ஒரு கிராமியக் கல்வித் திட்டத்தை முன்னெடுத்தார் என்பது பாடப்புத்தகத்தில் ஒரு வரியோடு போய்விடும். பாடசாலைக் கல்வி கிராமத்தின் வயலோடும், வீட்டோடும், கைத்தொழிலோடும் சேர வேண்டும் என்பதுதான் அதன் எண்ணம். அது நிலைக்கவில்லை. காரணம் எளிமையானது. ஆங்கிலம் படித்தவனுக்குக் கந்தோரில் கதிரை கிடைத்தது. கிராமத்துப் பிள்ளையைக் கிராமத்திலேயே வைத்திருக்கத்தான் இந்தத் திட்டம் என்று மக்கள் சந்தேகப்பட்டார்கள். 1943இல் கன்னங்கரா தலைமையிலான விசேட குழு தன் அறிக்கையில், ஆரம்பக் கல்விக்குப் பிறகு மூன்று வகைப் பாடசாலைகள் இருக்க வேண்டும் என்றது. அவற்றுள் ஒன்று செய்முறைப் பாடசாலை. 1945இல் இலவசக் கல்வி வந்தது, மத்திய கல்லூரிகள் வளர்ந்தன. செய்முறைப் பாடசாலையைக் கேட்டு யாரும் போராடவில்லை. அது ஏட்டோடு நின்றது.

அதே காலத்தில் அயல்நாட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 1937 ஒக்டோபரில் வார்தாவில் காந்தியடிகள் கூட்டிய கல்வி மாநாட்டில், ஒரு கைத்தொழிலை மையமாக வைத்து எல்லாப் பாடங்களையும் கற்பிக்கும் திட்டம் பேசப்பட்டது. அதற்குப் பாடத்திட்டம் தயாரித்த குழுவின் தலைவர் யார் தெரியுமா? டில்லி ஜாமிஆ மில்லியாவை வழிநடத்திய, பிற்காலத்தில் இந்தியாவின் ஜனாதிபதியான டாக்டர் ஸாகிர் ஹுசைன். பிள்ளைகள் நூற்று, நெய்து விற்கும் பணத்திலிருந்தே ஆசிரியரின் சம்பளம் வரவேண்டும் என்ற எண்ணமும் அந்தத் திட்டத்தில் இருந்தது. பொருளியலாளர் கே.டி. ஷா அந்த மாநாட்டிலேயே இதை எதிர்த்தார். பாடசாலை தொழிற்சாலையாகிவிடும், ஏழை நெசவாளனோடு பிள்ளைகள் போட்டிபோட வேண்டிவரும் என்ற பயம் நியாயமானது. முஸ்லிம் லீக் வேறு காரணங்களுக்காக எதிர்த்தது. கையால் படிப்பது நல்லது, ஆனால் பிள்ளையின் கையிலிருந்து வருமானம் எதிர்பார்ப்பது வேறு விடயம். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இன்றும் தேவைப்படும்.

இனி 1971க்கு வருவோம்.

அந்த வருடம் ஏப்ரலில் தெற்கில் இளைஞர் கிளர்ச்சி வெடித்தது. அதில் இறங்கிய பிள்ளைகளில் பலர் சிங்கள மொழியில் நன்றாகப் படித்தவர்கள், படித்த பிறகு வேலை கிடைக்காதவர்கள். அதே வருடம் சர்வதேச தொழிலாளர் அமைப்பு அனுப்பிய, டட்லி சீர்ஸ் தலைமையிலான குழு இலங்கையின் வேலையில்லாப் பிரச்சினையைப் பற்றி ஓர் அறிக்கை தந்தது. வேலைகள் குறைவு என்பது மட்டும் அல்ல பிரச்சினை, படித்த பிள்ளைகள் எதிர்பார்க்கும் வேலைக்கும் நாட்டில் இருக்கும் வேலைக்கும் இடையில் பெரிய இடைவெளி இருக்கிறது என்பதுதான் அதன் சாரம். பாடசாலை எல்லோரையும் எழுதுவினைஞர் வேலைக்குத் தயார்படுத்துகிறது, நாட்டில் அவ்வளவு மேசைகள் இல்லை.

அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் மர்ஹூம் பதியுதீன் மஹ்மூத். மாத்தறையில் பிறந்து, அலிகாரில் படித்து, கம்பளை ஸாஹிறாவின் அதிபராக இருந்தவர். ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியின் ஸ்தாபகர்களில் ஒருவர். 1970 முதல் 1977 வரை அமைச்சு அவர் கையில் இருந்தது. அவருடைய காலத்துத் தரப்படுத்தல் தமிழ்ப் பிள்ளைகளின் மனதில் ஏற்படுத்திய காயம் சிறியதல்ல. அதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வதில் நமக்கு விருப்பமில்லை. ஆனால் அந்தச் சர்ச்சையின் நிழலில் அவருடைய காலத்தின் இன்னொரு வேலை முற்றாக மறக்கப்பட்டுவிட்டது.

1972 ஜனவரியில் தரம் 6இல் புதிய பாடவிதானம் தொடங்கியது. ஜீ.சீ.ஈ. சாதாரண தரத்துக்குப் பதிலாகத் தரம் 9 முடிவில் என்.சீ.ஜீ.ஈ. என்ற தேசிய சான்றிதழ், உயர்தரத்துக்குப் பதிலாக எச்.என்.சீ.ஈ. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பாடவிதானம். இதனால் வந்த நன்மையை நம் ஊர்கள் மறக்கக்கூடாது. அதுவரை பல கிராமப் பாடசாலைகளில் விஞ்ஞானம் என்ற பாடமே இல்லை. புதிய திட்டத்தில் கணிதமும் விஞ்ஞானமும் எல்லோருக்கும் கட்டாயமாயின. அவற்றோடு ஒரு புதுமையும் வந்தது. அதுதான் தொழில் முன்னிலைப் பாடம்.

பெயரைப் பார்த்துவிட்டுத் தச்சுவேலை பழக்குவது என்று நினைக்கக்கூடாது. திட்டம் அதைவிட ஆழமானது. பாடசாலையைச் சுற்றி என்ன தொழில் நடக்கிறதோ அதைப் பாடமாக்குங்கள் என்பதே அடிப்படை. கடற்கரை ஊரென்றால் மீன்பிடி, மட்பாண்டம் செய்யும் ஊரென்றால் மட்பாண்டம், தறி ஓடும் ஊரென்றால் நெசவு. மாணவர்களும் ஆசிரியரும் தொழில் நடக்கும் இடத்துக்குப் போக வேண்டும். மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது, எந்தக் கருவி எதற்கு, ஏன் இந்த முறையில் செய்கிறார்கள், செலவு எவ்வளவு, யார் வாங்குகிறார்கள், இலாபம் யாருக்குப் போகிறது என்று கேட்டு எழுத வேண்டும். கையால் செய்தும் பார்க்க வேண்டும். விஞ்ஞானமும் கணிதமும் சமூகக் கல்வியும் அங்கே ஒன்றாகச் சந்திக்கும் என்பது எதிர்பார்ப்பு. உலகின் கவனத்தையும் இது ஈர்த்தது. 1976இல் யுனெஸ்கோ இலங்கையின் இந்தப் பாடத்தைப் பற்றித் தனி நூலொன்றே வெளியிட்டது. எச்.என்.சீ.ஈ. வகுப்பிலும் செயற்றிட்டம் ஒன்று சேர்க்கப்பட்டது. இன்று நாம் வெளிநாட்டுப் பயிற்சிப் பட்டறைகளில் "செயற்றிட்டம் சார்ந்த கற்றல்" என்று கேட்டுவிட்டு வியந்து வருகிறோமே, அதன் பெரும்பகுதி ஐம்பது வருடங்களுக்கு முன் இங்கே சுற்றறிக்கையாக வந்திருந்தது.

நமக்குப் பழக்கமான உதாரணத்தை எடுப்போம். மருதமுனைக் கைத்தறி. ஒரு சாரம் நெய்ய என்னவெல்லாம் தெரிய வேண்டும்? பாவு ஓட்டும்போது எத்தனை இழை, எந்த நிறம் எத்தனை இழைக்குப் பிறகு வர வேண்டும் என்பது முழுக் கணக்கு. ஒரு இழை தப்பினால் கட்டம் கோணும். சாயம் போடுவது இரசாயனம். மிதியை மிதிக்க இழைகள் பிரிந்து, அந்த இடைவெளியில் நாடா ஓடுவது பொறிமுறை. எந்த நிறத்துக்குப் பெருநாள் நேரம் கிராக்கி, எந்த நிறம் கடையில் தேங்கும் என்பது சந்தை அறிவு. இவ்வளவும் தெரிந்த ஒருவரை, அவர் சாதாரண தரம் சித்தியடையவில்லை என்பதற்காக "படிக்காத மனிசன்" என்கிறோம். 1972இன் திட்டம் அந்த மனிதரை வகுப்பறைக்குள் அழைக்கச் சொன்னது. இதில் ஒரு மரியாதை இருந்தது. நம் பார்வையில் அந்தச் சீர்திருத்தத்தின் ஆகப் பெறுமதியான பகுதி அதுதான்.

பிறகு ஏன் நிலைக்கவில்லை?

முதலில், யார் படிப்பிப்பது? அதுவரை வரலாறும் தமிழும் படிப்பித்த ஆசிரியரிடம் மண்வெட்டியையும் உளியையும் கொடுத்தால் அவர் என்ன செய்வார்? புத்தகத்தில் இருப்பதைக் கரும்பலகையில் எழுதினார், பிள்ளைகள் கொப்பியில் எழுதினார்கள். கையால் செய்ய வந்த பாடம் மனப்பாடப் பாடமாகியது. தொழில் தெரிந்தவருக்கோ ஆசிரியர் தகைமை இல்லை. கருவிகளும் போதவில்லை. நாடும் அப்போது பாணுக்கு வரிசையில் நின்ற காலம்.

இரண்டாவது காரணம் கசப்பானது. இலங்கையின் கிராமங்களில் பல கைத்தொழில்கள் சாதியோடு கட்டுண்டவை. குயவர் ஊரில் மட்பாண்டம் படிப்பிக்கும்போது, "எங்கட புள்ளை சட்டி பானைதான் செய்யணுமா, டவுன் புள்ளை டொக்டராகணுமா?" என்று தகப்பன் கேட்டால் அதற்குப் பதில் சொல்ல முடியாது. பேச்சில் எல்லோருக்கும் ஒரே பாடவிதானம். நடைமுறையில் நகரத்தின் பெரிய பாடசாலைகள் தொழில் முன்னிலைப் பாடத்தைப் பொழுதுபோக்காக நடத்தின, கிராமத்துக்கு அது தலைவிதிபோலத் தெரிந்தது. பல்கலைக்கழக வாசலோ வேறு பாடங்களுக்குத்தான் திறந்தது.

இந்த இடத்தில் பிலிப் ஃபொஸ்டர் என்ற ஆய்வாளரை நினைவுகூர வேண்டும். ஆபிரிக்காவின் கானாவை ஆராய்ந்து 1965இல் அவர் எழுதிய கட்டுரை கல்வி உலகில் மிகப் பிரபலம். மாணவர்கள் ஏட்டுக் கல்வியை விரும்புவது பாடவிதானம் அவர்கள் மனதை மாற்றியதால் அல்ல, ஏட்டுக் கல்வி படித்தவனுக்குத்தான் நல்ல சம்பளம் கிடைக்கிறது என்பதை அவர்கள் சரியாகக் கணக்குப் போட்டிருப்பதால்தான் என்பது அவருடைய வாதம். அந்த நிலையில் ஏட்டுக் கல்விதான் உண்மையான தொழிற்கல்வி. நம் பெற்றோரின் கேள்வியும் அதே கணக்குத்தான். ஆகவே "சமூகத்தின் மனப்பாங்கு மாற வேண்டும்" என்று மேடையில் ஏறிப் பெற்றோரை ஏசுவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. அவர்கள் அறியாமையால் பேசவில்லை.

மூன்றாவது காரணத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை, எங்களுக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது. அந்தப் பாடத்தில் கை இருந்தது, கணக்கும் இருந்தது, ஆனால் வடிவமைப்பு இருக்கவில்லை. இருக்கும் தொழிலை எப்படிச் செய்கிறார்கள் என்று பிள்ளை படித்தது. இதை வேறு விதமாகச் செய்யலாமா, இந்தச் சட்டி ஏன் இந்த வடிவத்தில் இருக்க வேண்டும், யாருக்கு என்ன தேவை இருக்கிறது, அதற்கு நாம் புதிதாக என்ன செய்யலாம் என்று கேட்க அங்கே இடம் குறைவு. தொழிலைப் பிள்ளைக்கு அறிமுகப்படுத்தினார்கள், தொழில் தொடங்குபவனாக அதை நினைத்துப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் அரசாங்கமே நடத்திய காலம் அது, ஆகவே இதில் ஆச்சரியமும் இல்லை.

இதற்கு நேர்மாறான ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1919இல் அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில், ஹொரஸ் மோசஸ் என்ற கடதாசி உற்பத்தியாளரும், தொலைபேசிக் கம்பனித் தலைவர் தியடோர் வெயிலும், செனட்டர் மரே கிரேனும் சேர்ந்து ஜூனியர் அச்சீவ்மன்ட் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். கிராமத்திலிருந்து நகரத்துக்கு வரும் பிள்ளைகளுக்குத் தொழில் உலகைப் பழக்குவது நோக்கம். அங்கே பிள்ளைகள் சிறு கம்பனி ஒன்றை அமைப்பார்கள். பங்கு விற்று முதல் சேர்ப்பார்கள், ஒரு பொருளைத் தீர்மானித்துச் செய்வார்கள், விற்பார்கள், கணக்கு எழுதுவார்கள், வருட முடிவில் கம்பனியைக் கலைத்து இலாபத்தைப் பங்கிடுவார்கள். நட்டம் வந்தால் நட்டத்தையும். என்ன செய்வது என்ற முடிவு பிள்ளையுடையது. ஆனால் அது பாடசாலை விட்ட பிறகு நடந்தது, விரும்பிய பிள்ளைகளுக்கு மட்டும். 1972இன் இலங்கை முழு நாட்டின் பிள்ளைகளையும் ஒரே நேரத்தில் தொட முயன்றது. ஆசை பெரியது, ஏற்பாடு சிறியது.

1977 ஜூலைத் தேர்தலில் ஆட்சி மாறியது. என்.சீ.ஜீ.ஈ. போனது, ஜீ.சீ.ஈ. திரும்பி வந்தது, தொழில் முன்னிலைப் பாடமும் அதோடு போனது. முதல் தொகுதி மாணவர்கள் 1975இல்தான் பரீட்சை எழுதியிருந்தார்கள். ஒரு பாடம் வேர்விட இந்தக் காலம் போதுமா? அதே வருடம் நவம்பரில் வந்த வரவுசெலவுத் திட்டம் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. வெளிநாட்டுத் துணி கப்பல் கப்பலாக வந்தது. இறக்குமதித் தடை இருந்த வருடங்களில் ஓடிய கைத்தறிகள் நாடெங்கும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. நம் பகுதியின் மூத்த நெசவாளர்களைக் கேளுங்கள், 77ஐ அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எஞ்சிய தறிகளில் பலவற்றை 2004 டிசம்பர் 26 அள்ளிக்கொண்டு போனது. பாடசாலையிலிருந்து தறியைப் பற்றிய பாடம் போன அதே நேரத்தில் தறிக்கும் சோதனை வந்தது. புதிதாக எதை நெய்யலாம், யாருக்கு விற்கலாம் என்று யோசிக்கப் பழகிய ஒரு தலைமுறை அப்போது நம்மிடம் இருந்திருந்தால் எத்தனை தறிகள் தப்பியிருக்கும் என்று சில நேரம் நினைத்துப் பார்ப்போம்.

அதன் பிறகான கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1980களில் வாழ்க்கைத் திறன் என்ற பெயரில் ஒன்று வந்து போனது. 1997இன் சீர்திருத்தங்களில் செயன்முறைத் தொழினுட்பத் திறன்கள் வந்தன, உயர்தரத்துக்குச் செயற்றிட்டமும் வந்தது. அந்தச் செயற்றிட்டங்கள் என்ன ஆனதென்று அந்தக் காலத்தில் படித்தவர்களுக்குத் தெரியும், ஃபொட்டோகொப்பிக் கடைக்காரர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். 2013இல் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு தொடங்கியது. 2017 முதல், சாதாரண தரம் சித்தியடையாத பிள்ளையும் 13 வருடக் கல்வியின் கீழ் தொழிற்பாடங்களைப் படிக்க வழி வந்தது. ஒவ்வொன்றும் நல்ல எண்ணம். ஒவ்வொன்றிலும் அதே பழைய வாசனை: இது மற்றவர் பிள்ளைக்கு.

ஆனால் 2007இல் தரம் 10க்கு வந்த மாற்றத்தில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. சாதாரண தரத்தின் தெரிவுப் பாடங்கள் மூன்று தொகுதிகளாக இருப்பது உங்களுக்குத் தெரியும். முதல் தொகுதியில் வணிகமும் கணக்கீட்டுக் கல்வியும், புவியியல், குடியியல் ஆகியவற்றோடு முயற்சியாண்மைக் கல்வி இருக்கிறது. மூன்றாம் தொகுதியில் தகவல் தொழினுட்பம், விவசாயம், மனைப் பொருளியல், கலையும் கைப்பணியும் ஆகியவற்றோடு, வடிவமைப்பும் நிர்மாணத் தொழினுட்பவியலும், வடிவமைப்பும் இயந்திரத் தொழினுட்பவியலும், வடிவமைப்பும் மின், இலத்திரன் தொழினுட்பவியலும் இருக்கின்றன. பாடத்தின் பெயரிலேயே வடிவமைப்பு வந்துவிட்டது. 1972இல் இல்லாதது இப்போது இருக்கிறது. தொழில் தொடங்கும் பாடமும் இருக்கிறது. ஆனால் ஒன்று ஒரு தொகுதியில், மற்றது இன்னொரு தொகுதியில், வேறு வேறு ஆசிரியர்கள், வேறு வேறு பாடவேளைகள். ஒரு பிள்ளை இரண்டையும் எடுக்கலாம், தடை எதுவும் இல்லை. எத்தனை பேர் எடுக்கிறார்கள்? எடுத்தாலும், முயற்சியாண்மை வகுப்பில் எழுதும் வணிகத் திட்டம் கற்பனைக் கடை ஒன்றுக்கு, வடிவமைப்பு வகுப்பில் செய்யும் பொருள் புள்ளி போட்ட பிறகு ஸ்டோர் ரூமுக்கு.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சென்ற வருடம் சிறிதாக ஒரு முயற்சி செய்தோம். இரண்டு பாட ஆசிரியர்களும் பேசி, தரம் 10 மாணவிகள் ஐந்து பேர் கொண்ட குழு ஒன்றை அனுப்பினோம். நாங்கள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: முதலில் பொருளை யோசிக்கக்கூடாது, யாருக்கு என்ன கஷ்டம் என்று பார்த்துவிட்டு வர வேண்டும். அவர்கள் பின்னேரம் குர்ஆன் மத்ரசாவுக்குப் போகும் சின்னப் பிள்ளைகளைக் கவனித்தார்கள். முஸ்ஹபையும் கொப்பியையும் தண்ணீர்ப் போத்தலையும் பொலித்தீன் பையில் ஒன்றாகப் போட்டு இழுத்துக்கொண்டு போகிறார்கள், போத்தல் ஒழுகி முஸ்ஹப் நனைகிறது. தறி வீடுகளில் மிஞ்சும் துண்டுத் துணியில் பை தைக்கலாம் என்று முடிவெடுத்தார்கள். முதலில் தைத்த பையில் போத்தலுக்கு இடமே இல்லை. இரண்டாவதில் இடம் இருந்தது, தோள்வார் பெரிய ஆளுக்கு அளவெடுத்ததுபோல் நீளம், ஆறு வயதுப் பிள்ளையின் முழங்காலில் பை இடித்தது. மூன்றாவதில் வாரைக் குறைத்து முடிச்சு வைத்தார்கள். அதைச் சின்னப் பிள்ளைகள் கழற்றித் தர மறுத்துவிட்டார்கள்.

பிறகு செலவுக் கணக்கு. துணி, நூல், தையல் கூலி எல்லாம் எழுதி விலை போட்டு, நல்ல இலாபம் என்று சந்தோஷமாகக் கொண்டுவந்தார்கள். தறி வீட்டு உம்மா ஒருவரிடம் அந்தக் கணக்கைக் காட்டச் சொன்னோம். அவர் பார்த்துவிட்டு, "இதுல என்ட வேலை எங்க புள்ளை?" என்று கேட்டிருக்கிறார். துண்டுத் துணியைத் தரம் பிரித்து, ஓரம் வெட்டி, கழுவிக் காயவைத்துக் கொடுத்தது அவர். தறி வீடுகளில் நூல் சுற்றுவது முதல் எத்தனையோ வேலைகளைப் பெண்கள் செய்கிறார்கள், எந்தக் கணக்கிலும் அது வருவதில்லை. பிள்ளைகள் திரும்பவும் கணக்குப் போட்டார்கள். இலாபம் பாதிக்கு மேல் குறைந்தது. விலையைக் கூட்டுவதா, வேலையைக் குறைக்கும்படி பையின் வடிவத்தை மாற்றுவதா என்று இரண்டு நாள் சண்டை. கடைசியில் வடிவத்தை மாற்றினார்கள். அந்த இரண்டு நாளில் அவர்கள் பேசிய பொருளியலை, எந்த வகுப்பிலும் நாங்கள் கேட்டதில்லை.

பெரிய வெற்றிக் கதை என்று இதைச் சொல்லவில்லை. விற்றது மத்ரசா வட்டத்துக்குள்தான். அதற்கு மேல் விற்கவும் நாங்கள் விடவில்லை. வார்தாவில் கே.டி. ஷா சொன்னது நினைவிருக்கிறதா? பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையை நாம் தொழிலாளி ஆக்கிவிடக் கூடாது, தறியை நம்பி வாழும் வீட்டுக்குப் போட்டியாகவும் நிறுத்தக் கூடாது. பாடசாலைக்கு இது படிப்பு, அவ்வளவுதான். ஐவரில் ஒரு பிள்ளை உயர்தரத்தில் உயிரியல் படிக்கப் போகிறேன் என்கிறாள். தாராளமாகப் படிக்கட்டும். முதலாவது பையை அவிழ்த்துவிட்டு இரண்டாவதைத் தைத்த பழக்கம் ஆய்வுகூடத்திலும் உதவும்.

பெற்றோருக்கு ஒரு விடயம். பாடத்தெரிவுப் படிவம் வீட்டுக்கு வரும்போது முதல் தொகுதியையும் மூன்றாம் தொகுதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கையொப்பம் போட முன் பிள்ளையிடம் கேளுங்கள். "அது ஏலாத புள்ளைகளுக்கு" என்ற வார்த்தையைப் பிள்ளையின் முன்னால் மட்டும் சொல்லாதீர்கள். சந்தேகம் இருந்தால் பாடசாலைக்கு வாருங்கள், இரண்டு பாட ஆசிரியர்களும் இருந்து பேசுவோம்.

மூத்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். 1972 முதல் 1977 வரை தரம் 6 முதல் 9 வரை படித்தவர்களுக்கு இப்போது அறுபதைத் தாண்டியிருக்கும். உங்கள் பாடசாலையில் தொழில் முன்னிலைப் பாடமாக என்ன படிப்பித்தார்கள்? நெசவா, மீன்பிடியா, விவசாயமா, வேறு ஏதுமா? யார் படிப்பித்தார்? வெளியே கூட்டிக்கொண்டு போனார்களா, கரும்பலகையோடு முடிந்ததா? பழைய கொப்பி, புத்தகம், படம் ஏதும் யாருடைய பெட்டகத்திலாவது இருந்தால் எங்களுக்கு அறியத் தாருங்கள். பத்திரமாகப் பிரதி எடுத்துத் திருப்பித் தருவோம். நம் பகுதியின் பாடசாலை வரலாறுகளில் இந்த ஐந்து வருடங்களும் வெற்றுப் பக்கமாகவே கிடக்கின்றன, எழுத வேண்டியவர்கள் நீங்கள்தான்.